கோலாலம்பூரில் மாநாடா? பயணத்தையும் அறையையும் ஏற்பாடு செய்வது எப்படி

உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு முதன்முதலில் 1966 ஏப்ரலில் கூடியதே கோலாலம்பூரில்தான். பிறகு 1987, 2015, 2023 என்று மூன்று முறை இங்கேயே திரும்பி வந்தது. கணினித் தமிழ், ஆசிரியர், எழுத்தாளர் கூட்டங்கள் எல்லாம் தனிக்கணக்கு. வருகிற பேராளர்களில் பலர் கட்டுரைக்கு மாதக்கணக்கில் உழைப்பார்கள்; அறையை மட்டும் கடைசி வாரத்தில், விலையை மட்டும் பார்த்து எடுப்பார்கள். அதற்கான தண்டனை தினமும் காலையும் மாலையும் நெரிசலில் கிடைக்கும். கேஎல்லில் (கோலாலம்பூரின் சுருக்கப் பெயர்) அறை எடுக்க ஒரே விதிதான்: அரங்கம் எந்த ரயில் பாதையில் இருக்கிறது என்று பாருங்கள், அதே பாதையில் தங்குங்கள். கிலோமீட்டர் கணக்கு இந்த ஊரில் எடுபடாது. நடுவில் ஒரு நெடுஞ்சாலை வந்துவிட்டால் 800 மீட்டரைக் கடக்கவும் வண்டி பிடிக்க வேண்டும்.

படி 1: அரங்கத்தின் நிலையத்தைக் கண்டுபிடியுங்கள்

அழைப்பிதழில் "கோலாலம்பூர்" என்று மட்டும் இருந்தால் போதாது. அரங்கத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். அடிக்கடி அடிபடும் இடங்கள் நான்கு.

மலாயாப் பல்கலைக்கழகம்: தமிழ் மாநாடுகளுக்குப் பழகிய இடம். கிளானா ஜெயா எல்ஆர்டி (இலகு ரயில்) பாதையில் "யுனிவர்சிட்டி" நிலையம். நகரின் மைய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து நான்காவது நிறுத்தம். பெயரைப் பார்த்து வாசலிலேயே இறக்கிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். நிலையம் ஃபெடரல் நெடுஞ்சாலைக்கு ஒரு பக்கம், வளாகம் மறுபக்கம். நிலையத்திலிருந்து டி789 பேருந்து வளாகத்துக்குள் போகிறது. வளாகமும் மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடக்கிறது. பட்டுப்புடவையும் புத்தகப் பையுமாக நடக்கிற இடமில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் நிலையத்திலிருந்து கிரேப் (செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) எடுத்துவிடுங்கள், பெரும்பாலும் 10 ரிங்கிட்டுக்குள் முடியும். இறங்கும் இடமாகப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போடாமல் மண்டபத்தின் பெயரைப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டுநர் வேறு ஏதோ ஒரு வாசலில் விட்டுவிட்டுப் போவார்.

கேஎல்சிசி மாநாட்டு மையம்: அதே கிளானா ஜெயா பாதை, கேஎல்சிசி நிலையம். சூரியா பேரங்காடி வழியாகவே மழை படாமல் நடந்துவிடலாம். மையத்திலிருந்து புக்கிட் பிந்தாங்கின் பெவிலியன் பேரங்காடி வரை குளிர்சாதன நடைபாலமும் உண்டு. இரவில் மூடிவிடுவார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உலக வாணிப மையம்: பழைய பெயர் பிடபிள்யூடிசி, எல்ஆர்டி நிலையத்தின் பெயரும் அதுதான். அம்பாங், ஸ்ரீ பெட்டாலிங் பாதைகள் இரண்டும் நிற்கும். கேடிஎம் கொமுட்டரில் (புறநகர் ரயில்) வந்தால் "புத்ரா" நிலையம்.

மைடெக் கண்காட்சி மையம்: டூத்தாமாஸ் பக்கம். ரயிலில் இறங்கி நடந்துபோகிற தூரத்தில் இல்லை. ஏற்பாட்டாளர்கள் பேருந்து விடுகிறார்களா, எந்த விடுதிகளிலிருந்து விடுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பேருந்து உண்டென்றால் அந்தப் பட்டியலில் உள்ள விடுதியை எடுப்பதே லாபம், 30 ரிங்கிட் கூடுதலாக இருந்தாலும்.

படி 2: அறை

மலாயாப் பல்கலைக்கழகம், கேஎல்சிசி இரண்டுக்கும் எங்கள் முதல் தேர்வு பிரிக்பீல்ட்ஸ். கேஎல் சென்ட்ரல் பக்கத்திலேயே; விமான நிலைய ரயில், எல்ஆர்டி, கொமுட்டர், மோனோரயில் எல்லாம் அங்கே கூடுகின்றன. துன் சம்பந்தன் சாலையில் இறங்கினால் இட்லி, வாழையிலைச் சாப்பாடு, பூக்கடை. வாணிப மையத்துக்கு மஸ்ஜிட் ஜாமெக் சுற்றுவட்டாரம் பொருந்தும்: மூன்று எல்ஆர்டி பாதைகள் அங்கே சந்திக்கின்றன, மஸ்ஜிட் இந்தியா கடைத்தெருவும் அருகில். புக்கிட் பிந்தாங் கலகலப்பானது. இரவு 1 மணிக்கும் தெருவில் பாட்டுச் சத்தம் கேட்கும். மறுநாள் முதல் அமர்விலேயே கட்டுரை படிக்கிறவர்களுக்கு அது சரிப்படாது.

பதிவு செய்யும்போது பார்க்க வேண்டியவை:

ஜன்னல். மலிவான அறைகளில் பலவற்றுக்கு ஜன்னலே கிடையாது. அறை விவரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். இரண்டு இரவுக்குப் பரவாயில்லை. ஐந்து இரவு என்றால் ஈரவாடை தலைவலியைக் கொண்டுவரும்.

சுற்றுலா வரி. வெளிநாட்டினருக்கு அறை ஒன்றுக்கு இரவு ஒன்றுக்கு 10 ரிங்கிட். மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இல்லை. இணையத்தில் காட்டும் விலையில் பெரும்பாலும் இது சேர்ந்திருக்காது, முகப்பில் கேட்பார்கள். தலைக்கு அல்ல, அறைக்கு என்பதால் நான்கு இரவுக்கு 40 ரிங்கிட்டை இரண்டு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 20. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்; பயணச் செலவைத் திருப்பித் தரும் கல்லூரிகள் அறை ரசீதோடு இதையும் கேட்கும்.

முன்பணம். பல விடுதிகள் 50 முதல் 200 ரிங்கிட் வரை வாங்கி, அறையைக் காலி செய்யும்போது திருப்பித் தரும். ரொக்கமாகக் கொடுங்கள். கடன் அட்டையில் பிடித்துவைத்தால் விடுபட நாள்கணக்கில் ஆகும்.

நேரம். சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் விமானங்கள் விடியலில் இறங்கும். பறக்கும் நேரம் சுமார் 4 மணி, கடிகார வித்தியாசம் இரண்டரை மணி. அறை கிடைப்பதோ பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கு. அதனால் முன்கூட்டியே விடுதிக்கு எழுதி, பெட்டியை வைத்துக்கொள்வார்களா, குளிக்க இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். பெட்டி வைக்கச் சம்மதிப்பார்கள். குளியலறை எல்லா இடத்திலும் கிடைக்காது. முதல் நாளே மேடை ஏற வேண்டியவர்கள் ஒரு நாள் முன்னதாக வருவது நல்லது.

டுரியானையும் மங்குஸ்தீனையும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். விடுதிகள் தடை போட்டிருக்கின்றன. டுரியான் வாடை மெத்தையில் ஏறிவிடும், மங்குஸ்தீன் சாயம் துண்டை விட்டுப் போகாது. அபராதம் கேட்டால் பேரம் பேச முடியாது.

படி 3: தாள்கள்

கடவுச்சீட்டு நுழையும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்ல வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா தேவையில்லை. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை. இலங்கையர் இ-விசா எடுக்க வேண்டும்.

விசா வேண்டாம் என்றதும் பலர் மறந்துவிடுவது மின்னியல் வருகை அட்டை. 2024 ஜனவரி 1 முதல் கட்டாயம். வந்து சேரும் நாளுக்கு 3 நாள் முன்னதாகத் தொடங்கி, குடிநுழைவுத் துறையின் சொந்த இணையதளத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. தேடுபொறியில் முதலில் வரும் தளங்களில் சில இதற்குக் காசு வாங்குகின்றன. பணம் கேட்டாலே தளம் தவறு என்று முடிவு கட்டலாம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இந்த அட்டை வேண்டாம்.

நிரப்பும்போது சிக்கல் வரும் இடம் பெயர். கடவுச்சீட்டில் தந்தை பெயர் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா, அப்படியே அதே வரிசையில் போடுங்கள். நள்ளிரவைத் தாண்டி இறங்கும் விமானமாக இருந்தால், கிளம்பும் தேதியை எழுதாமல் இறங்கும் தேதியை எழுதுங்கள். மின்னஞ்சலில் வரும் உறுதிச்சீட்டைத் திரைப்பிடிப்பாக எடுத்து வையுங்கள். வரிசையில் நிற்கும்போது இணையம் கிடைக்காமல் போகலாம். அதோடு திரும்பும் பயணச்சீட்டு, விடுதிப் பதிவு, மாநாட்டு அழைப்புக் கடிதம் மூன்றையும் அச்செடுத்து ஒரே உறையில் போடுங்கள். எதற்காக வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டால் மாநாடு என்று சொல்லிக் கடிதத்தை நீட்டுங்கள். "வேலையாக வந்தேன்" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டால் அவருக்கு அது வேறு அர்த்தம்.

படி 4: விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவில் இரண்டு முனையங்கள். ஏர்ஏசியா இரண்டாவது முனையம். மலேசியா ஏர்லைன்ஸ் முதலாவது. யாராவது அழைக்க வருவதாக இருந்தால் முனைய எண்ணைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். இரண்டும் அடுத்தடுத்த கட்டடங்கள் அல்ல. இடையே ரயிலில் மாறினால் 3 நிமிடம், 2 ரிங்கிட்.

கேஎல் சென்ட்ரலுக்கு விரைவு ரயில் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடம், இரண்டாவதிலிருந்து 33 நிமிடம். பெரியவருக்கு 55 ரிங்கிட். தனியாக வருகிறவருக்கு, குறிப்பாக மாலை நெரிசலில், இதுவே நல்லது. பேருந்து சுமார் 15 ரிங்கிட், ஒரு மணி நேரம். சாலை அடைத்தால் கூடுதல். மூன்று பேராக வந்தால் ரயிலுக்கு 165 ரிங்கிட் ஆகிவிடும். கிரேப் சுமார் 70 முதல் 100, டோல் தனி. ஆகவே மூன்று பேருக்குக் கார்தான் கணக்கு. பெட்டிகள் நான்குக்கு மேல் போனால் ஆறு இருக்கை வண்டியைக் கேளுங்கள். சின்ன காரில் பின்பக்கம் இரண்டு பெரிய பெட்டிகளே சிரமம். நள்ளிரவு தாண்டி இறங்கினால் ரயில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். வருகைக் கூடத்தில் தாமாக வந்து "டாக்சி வேணுமா?" என்று கேட்பவர்களோடு போக வேண்டாம்.

படி 5: டச் அண்ட் கோ அட்டை

எல்ஆர்டி, எம்ஆர்டி (மெட்ரோ ரயில்), மோனோரயில், கொமுட்டர், பேருந்து எல்லாவற்றுக்கும் இந்த ஒரே அட்டை போதும். நிலையத்தின் சேவை முகப்பில் கேளுங்கள், 20 ரிங்கிட் நிரப்புங்கள். நிலையங்களில் அட்டை தீர்ந்துபோயிருக்கும் நாளும் உண்டு. கிடைத்த முதல் இடத்தில் வாங்கிவிடுங்கள். அதே பெயரில் கைப்பேசிச் செயலியும் இருப்பதால் புதியவர்கள் குழம்புகிறார்கள். செயலியில் போட்ட பணம் தானாக அட்டைக்கு வராது.

அட்டை இல்லாவிட்டால் எல்ஆர்டியில் இயந்திரம் நீல நிற வில்லை ஒன்றைத் தரும். நுழையும்போது அதைத் தட்ட வேண்டும், வெளியேறும்போது துளைக்குள் போட வேண்டும். வெளியேறும் வாசலில் வில்லையைத் தட்டித் தட்டிப் பார்த்து நிற்பவர்களை எந்த நிலையத்திலும் காணலாம். ரேபிட் நகரப் பேருந்துகளில் ரொக்கம் வாங்குவதில்லை, அதனால் டி789 ஏற அட்டை இல்லாமல் முடியாது. கொமுட்டரில் நடுப்பெட்டி மகளிருக்கு. இளஞ்சிவப்பு அறிவிப்பைக் கவனிக்காமல் ஆண்கள் ஏறிவிட்டு நெளிவார்கள்.

காலை 7 முதல் 9 வரை கேஎல்சிசி திசையில் எல்ஆர்டி பிதுங்கும். மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் எதிர்த்திசையில் போவதால் ஓரளவு மூச்சுவிடலாம். மாலை 5 மணிக்குமேல் மழையும் சேர்ந்துகொண்டால் கிரேப் விலை இரட்டிப்பாகும், வண்டியும் கிடைக்காது. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மழை கிட்டத்தட்ட வாடிக்கை. இரவு விருந்து வேறு மண்டபத்தில் என்றால், சந்திக்கும் இடத்தை ஒரு ரயில் நிலையமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் பள்ளிவாசல்களைச் சுற்றிய சாலைகள் அடைந்துவிடும். அந்த நேரத்தில் இடம் மாறும் திட்டம் வேண்டாம்.

படி 6: சாப்பாடு

மாநாட்டு மதிய உணவு ஹலாலாகத்தான் இருக்கும். சைவம் வேண்டுமென்றால் பதிவுப் படிவத்திலேயே குறிப்பிடுங்கள். வெளியில் சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது குழம்பும் சம்பலும். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சம்பலில் நெத்திலியோ பிளாச்சானோ (இறால் விழுது) இருக்கும், மேலே கறி இல்லை என்பதால் சைவம் ஆகிவிடாது. மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி) கேட்டால் பருப்போடு மீன் குழம்பையும் கலந்து ஊற்றிக் கொடுப்பது வழக்கம். "அண்ணே, ரொட்டி ஒன்னு, பருப்பு மட்டும் ஊத்துங்க, மத்த கொழம்பு வேணாம்" என்று தெளிவாகச் சொன்னால் போதும். கட்டிக் கொண்டுபோக வேண்டுமென்றால் "தப்பாவ்" என்று சொல்லுங்கள்.

பினாங்கு, ஈப்போவிலிருந்து வருகிறவர்களுக்கு

இடிஎஸ் என்னும் வேக மின்ரயில்தான். பட்டர்வொர்த்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு நான்கு மணி நேரத்துக்கும் சற்றுக் கூட, ஈப்போவிலிருந்து இரண்டரை மணி அளவில். பள்ளி விடுமுறையும் நீண்ட வார இறுதியும் சேர்ந்தால் சீட்டு வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். மாநாட்டுத் தேதி உறுதியானதும் போகவர இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். பேருந்தில் வந்தால் டிபிஎஸ் என்னும் பேருந்து முனையத்தில் இறங்குவீர்கள். பண்டார் தாசேக் செலாத்தான் நிலையம் அதை ஒட்டியே இருக்கிறது. கொமுட்டர் பிடித்தால் நேரே கேஎல் சென்ட்ரல்.

படி 7: பெட்டி, திரும்பும் நாள்

மின்செருகி ஜி வகை: தட்டையான மூன்று கால். இந்திய உருண்டைக் கால் செருகி நுழையாது. மாற்றி ஒன்று ஊரிலேயே வாங்கி வாருங்கள். அரங்கத்துக்குள் குளிர் கூடுதல், ஒரு சால்வை வேண்டும்.

தமிழ் மாநாட்டிலிருந்து யாரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. மாநாட்டு மலரும் ஆய்வுக்கோவையும் நண்பர்கள் கையெழுத்திட்டுத் தந்த நூல்களுமாகப் பெட்டி கனத்துவிடும். ஏர்ஏசியாவில் கைப்பை இரண்டும் சேர்ந்து 7 கிலோதான்; வாசலில் எடைபோட்டு, கூடுதலுக்குப் பணம் கேட்டால் விலை அதிகம். திரும்பும் பயணத்துக்கு 20 கிலோவை முன்பே இணையத்தில் வாங்கிவையுங்கள், வரும்போது வாங்காவிட்டாலும் பரவாயில்லை. ஏர்ஏசியாவின் பயணப் பெட்டி முகப்பு விமானம் கிளம்ப 60 நிமிடம் முன்பு மூடிவிடும். இரண்டாவது முனையத்தில் பாதுகாப்புச் சோதனைக்குப் பின்னும் பாலம் ஏறி இறங்கி நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும். கேஎல் சென்ட்ரலிலிருந்து விமான நேரத்துக்கு நான்கு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். மூட்டுவலி உள்ள பெரியவர் கூட இருந்தால் சக்கர நாற்காலியை விமானச்சீட்டு எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.