கார் ஸ்பீக்கர் மாற்றப் போகிறீர்களா? முதலில் கதவைக் கழற்றிப் பாருங்கள்

காரில் பாட்டு நன்றாகக் கேட்கவில்லை என்றதும் பலர் பார்ப்பது ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியில் எத்தனை வாட்ஸ் என்று அச்சடித்திருக்கிறது என்பதைத்தான். பார்க்க வேண்டியது முன்கதவை. வீட்டு ஸ்பீக்கர் தனக்கான பெட்டியோடு வருகிறது. கார் ஸ்பீக்கருக்குக் கதவுதான் பெட்டி. அது ஓட்டையும் தளர்ந்த தகரமுமாக இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரும் அங்கே எடுபடாது. பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால் நடுத்தர ஸ்பீக்கரை முன்பக்கத்துக்கு மட்டும் வாங்கி, மீதியைக் கதவு வேலைக்குச் செலவிடுங்கள்.

வாங்கும் முன் அளவெடுப்பது

ஜன்னல் கண்ணாடியை முழுக்கக் கீழே இறக்குங்கள். பிறகு இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருங்கள். இந்த வரிசை மாறினால், பேட்டரியைக் கழற்றிய பிறகு கண்ணாடியை இறக்க முடியாமல் நிற்பீர்கள். காத்திருக்கச் சொல்வது ஏர்பேக் மின்சுற்று முழுதாக அடங்குவதற்காக. மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் அதைத் தொடவே வேண்டாம்.

கைப்பிடிக் குழிக்குள்ளும் சிறு மூடிகளுக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும் ஸ்குரூக்களை எடுத்துவிட்டு, டிரிம் பேனலை (கதவின் உள்பக்க அலங்கார மூடியை) பிளாஸ்டிக் நெம்புகட்டையால் ஓரத்திலிருந்து விடுவியுங்கள். ஒன்றிரண்டு கிளிப் உடையத்தான் செய்யும். உதிரியாகச் சிலவற்றை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அளக்க வேண்டியவை நான்கு: ஸ்பீக்கர் ஓட்டையின் விட்டம், ஸ்குரூ துளைகளுக்கு இடையேயான தூரம், தகரத்திலிருந்து உள்ளே இறங்கியிருக்கும் கண்ணாடி வரையிலான ஆழம், தகரத்திலிருந்து டிரிம் பேனலின் கிரில் வரையிலான இடைவெளி. கடைசியை அநேகமாக எல்லாரும் மறந்துவிடுவார்கள். கோஆக்சியல் ஸ்பீக்கரின் (வூஃபர் எனும் பெரிய கூம்பும் ட்வீட்டரும் ஒன்றாகச் சேர்ந்தது) நடுவில் துருத்தி நிற்கும் ட்வீட்டர், அதாவது கீச்சு ஒலிக்கான சிறு ஸ்பீக்கர், கிரிலில் இடிப்பது பேனலைத் திரும்ப மாட்டும்போதுதான் தெரியும். 6.5 இன்ச் என்பதும் பெயரளவுதான். ஒரே 6.5 இன்ச்சில் இரண்டு கம்பெனி ஸ்பீக்கர்களுக்கு வேண்டிய ஓட்டையும் ஆழமும் வேறுபடும். ஆழம் போதவில்லை என்றால் ஸ்பேசர் வளையம் வைத்து ஸ்பீக்கரை முன்னால் கொண்டுவரலாம். கதவுக்குள் மழைநீர் இறங்கும் என்பதால் வளையம் பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது. எம்டிஎஃப் பலகை என்றால் எல்லாப் பக்கமும் பெயின்ட் அடிக்காவிட்டால் ஊதிவிடும்.

எதை வாங்குவது

“50 வாட்ஸ் × 4” என்று ஹெட் யூனிட்டில் (டேஷ்போர்டில் உள்ள மியூசிக் சிஸ்டத்தில்) எழுதியிருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது உச்ச அளவு. கார் மின்சாரம் ஏறக்குறைய 14 வோல்ட். அதை வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தரக்கூடியது ஒரு சேனலுக்கு 15 முதல் 20 வாட்ஸ் ஆர்எம்எஸ்தான். ஆகவே தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போடும் திட்டம் இல்லையென்றால் “300 வாட்ஸ்” ஸ்பீக்கரால் ஒரு லாபமும் இல்லை. அப்போது பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தருகிறது என்பது. 3 டெசிபெல் கூடினால், அதே சத்தத்துக்குப் பாதி மின்சாரம் போதும். 91 டெசிபெல் ஸ்பீக்கர் 15 வாட்ஸில் தருவதை 88 டெசிபெல் ஸ்பீக்கர் தருவதற்கு 30 வாட்ஸ் வேண்டும். இதிலும் ஒரு கண்கட்டு உண்டு. சில கம்பெனிகள் 1 வாட்டில் அளக்காமல் 2.83 வோல்ட்டில் அளந்து போடுவார்கள். 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது 2 வாட்ஸ். எண்ணில் 3 டெசிபெல் சும்மா ஏறியிருக்கும்.

ஓம் அளவையும் (ஸ்பீக்கரின் மின்தடையையும்) பாருங்கள். பெரும்பாலான ஹெட் யூனிட்டுகள் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே சேனலில் பேரலலாக இணைத்தால் 2 ஓம் ஆகிவிடும். யூனிட் சூடாகி அணையும், அல்லது எரியும்.

கோஆக்சியலா, வூஃபரும் ட்வீட்டரும் தனித்தனியாக வரும் காம்பொனன்ட்டா? பின்கதவுக்குக் கோஆக்சியல் போதும். முன்பக்கத்தில் ட்வீட்டரைத் தனியே மேலே வைக்க இடமிருந்தால் காம்பொனன்ட் வாங்குங்கள். கதவின் அடியில், முழங்காலுக்குக் கீழே இருக்கும் ட்வீட்டரின் சத்தத்தைக் காலும் சீட்டும் பாதி மறைத்துவிடும். காரில் ஏற்கெனவே டேஷ்போர்டில் ட்வீட்டர் இருந்தால், அது பெரும்பாலும் ஒரு சிறு கெப்பாசிட்டர் வழியே கதவு ஸ்பீக்கரின் வயரிலேயே இணைந்திருக்கும். புது ட்வீட்டரை அங்கே பொருத்தும்போது, செட்டோடு வந்த கிராஸ்ஓவர் (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் சுற்று) இல்லாமல் நேரடியாக இணைத்தால் சில நிமிடங்களில் கருகிவிடும்.

ட்வீட்டர் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து

பக்கவாட்டுக் கண்ணாடிக்கு உள்புறம் இருக்கும் முக்கோணத் துண்டு, முன்தூண், டேஷ்போர்டின் மூலை என மூன்று இடங்கள் உண்டு. டேஷ்போர்டில் மேலே பார்த்து வைத்தால் சத்தம் முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பும். பாட்டு உயரத்திலிருந்து வருவதுபோல் தோன்றும், கூர்மை குறையும். முன்தூணில் திரை ஏர்பேக் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஏர்பேக் விரியும்போது ட்வீட்டர் பிய்ந்து முகத்தில் வந்து விழலாம். எங்கே வைத்தாலும் வூஃபரிலிருந்து அதிகம் விலக வேண்டாம். விலகினால் பாடகரின் “ச”வும் “ஸ”வும் டேஷ்போர்டிலும் மீதிக் குரல் காலடியிலுமாகப் பிரிந்து கேட்கும்.

துளை போடும் முன் ட்வீட்டரை இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டிச் சில நாள் கேளுங்கள். ஒரு குரலும் ஒரு வாத்தியமும் மட்டும் உள்ள பாட்டு இதற்கு ஏற்றது. ஒவ்வொரு ட்வீட்டரையும் எதிர்ப்பக்க சீட்டின் தலைப்பகுதியைப் பார்த்துத் திருப்புவது நல்ல தொடக்கம். பக்கத்தில் இருக்கும் ட்வீட்டர் அப்போது உங்கள் காதை நேராகப் பார்க்காது, ஆகவே அதன் ஆதிக்கம் குறையும். அப்படியும் காதைக் குத்தினால் கிராஸ்ஓவரில் ட்வீட்டர் அளவை 3 டெசிபெல் குறைத்துப் பாருங்கள்.

பின்பக்க ஸ்பீக்கர்கள் இல்லாமலும் இருக்கலாம். பின் பலகையில் 6×9 இன்ச் நீள்வட்ட ஸ்பீக்கர் வைத்து முழுச் சத்தத்தில் ஓடவிட்டால் பாடகர் உங்கள் பிடரிக்குப் பின்னால் போய்விடுவார்.

கதவைப் பெட்டியாக்குதல்

ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. கதவின் உள்தகரத்தில் பெரிய ஓட்டைகள் இருந்தால் பின்பக்க அலை வெளியே வந்து முன்பக்க அலையை அழிக்கும். பேஸ் காணாமல் போவது இதனால்தான். சரியான வரிசை இது. வெளித்தகரத்தின் உட்புறத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஸ்பீக்கருக்கு நேர் பின்னாலும் தகரத்தின் நடுவிலும் பியூட்டைல் ஷீட்டை (அதிர்வை அடக்கும் ரப்பர் போன்ற ஒட்டுத்தாளை) ஒட்டி ரோலரால் அழுத்துங்கள். முழுக்க ஒட்ட வேண்டியதில்லை; பரப்பில் கால்வாசி போதும், தகரத்தின் கிணுகிணுப்பு அடங்கிவிடும். பிறகு உள்தகரத்தின் பெரிய ஓட்டைகளை அலுமினியத் தகடு வைத்து மூடி, மேலே ஷீட் ஒட்டுங்கள். பூட்டின் கம்பிகளும் கண்ணாடி ஏறி இறங்கும் வழியும் தடைபடக் கூடாது. கதவின் அடிவிளிம்பில் உள்ள நீர்வடி துளைகளை அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஸ்பீக்கர் விளிம்புக்கும் டிரிம் பேனலுக்கும் நடுவே ஃபோம் வளையம் வைத்தால் சத்தம் பேனலுக்குப் பின்னால் சிதறாமல் காருக்குள் வரும்.

வயரும் அளவமைப்பும்

பாசிட்டிவ், நெகட்டிவ் துருவம் பிசகினால் இத்தனை உழைப்பும் வீண். வூஃபரின் வயரை எல்லாவற்றிலிருந்தும் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பாசிட்டிவ் பாசிட்டிவோடு சேரும்போது கூம்பு வெளியே தள்ளும். ட்வீட்டரில் இதைச் செய்ய வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் பேஸ் மெலியும், குரல் நடுவில் நிற்காமல் பரவிக் கேட்கும். ஸ்பீக்கரின் நெகட்டிவ் வயரைக் காரின் உடலோடு எர்த் செய்யாதீர்கள், ஹெட் யூனிட்டின் ஆம்ப் பகுதி போய்விடும்.

ஆம்ப் சேர்த்தால், பாசிட்டிவ் வயரில் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் வையுங்கள். எர்த் வயர் குட்டையாக இருக்கட்டும், அது பதியும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டுங்கள். ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்புக்கு ஒலி கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளை, மின்வயர் போகாத மறுபக்கமாக இழுங்கள். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலிக்கு எர்த், ஆர்சிஏ இந்த இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். ஆம்பில் உள்ள கெயின் என்பது சத்தக் குமிழ் அல்ல, ஹெட் யூனிட்டின் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தும் குமிழ். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஈக்வலைசரைப் பூஜ்யத்தில் வைத்து, ஹெட் யூனிட்டை முக்கால் அளவில் ஓட்டி, 1 கிலோஹெர்ட்ஸ் டோனுக்கு ஆம்ப் வெளியீட்டை மல்டிமீட்டரின் ஏசி வோல்ட்டில் பாருங்கள். ஆம்பின் ஆர்எம்எஸ் வாட்ஸை ஸ்பீக்கரின் ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், கெயினைக் கூட்டி நிறுத்த வேண்டிய வோல்ட் வரும்: 50 வாட்ஸ், 4 ஓம் என்றால் 14.1.

கதவு ஸ்பீக்கருக்கு ஹை-பாஸ் (தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸ். சப்வூஃபர் (பேஸுக்கான தனி ஸ்பீக்கர்) இருந்தால் அதற்கு லோ-பாஸும் (உயர்ந்த ஒலியைத் தடுப்பது) 80. டைம் அலைன்மென்ட் (எல்லா ஸ்பீக்கர் ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வரச் செய்யும் வசதி) இருந்தால் காதிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து, அருகில் இருப்பதைத் தாமதப்படுத்துங்கள். 34 சென்டிமீட்டர் வித்தியாசத்துக்கு 1 மில்லிசெகண்ட்.

எல்லாம் மாட்டிய பின் 40 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் டோனை ஓடவிட்டு, எங்கே கடகடக்கிறதோ அந்த இடத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் நின்றால் அங்கே ஃபோம் டேப் ஒரு துண்டு. பெரும்பாலும் அது கதவுக்குள் தொங்கும் வயர் கட்டாகவோ சரியாக அமராத கிளிப்பாகவோ இருக்கும்.