குக்ரி: கூர் போவதும் பிடி கழல்வதும் எதனால்?

குக்ரி என்பது நேபாளத்து வளைகத்தி. அதற்குத் தோய்ச்சல் கொடுக்கும் நேபாளத்துக் கொல்லர் சிவந்த அலகைத் தொட்டியில் முக்குவதில்லை. டீ கெட்டிலை எடுத்து, கத்தியின் வாய், அதாவது கூர் இருக்கும் ஓரமாக மட்டும் தண்ணீரை மெல்லிய தாரையாக ஊற்றுகிறார். வாய்ப்பக்கம் சட்டென்று குளிர்ந்து இறுகுகிறது. முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்க்கு இறங்கி, அந்த இறுக்கத்தின் மொறுமொறுப்பைத் தணிக்கிறது. லாரியின் ஸ்பிரிங் பட்டையை அடித்து நீட்டிச் செய்த கத்தியில் இப்படித்தான் பதம் ஏறுகிறது. எண்ணெயில் முக்கும் பட்டறைகளும் உண்டு. ஆனால் கிழக்கு நேபாளத்தின் போஜ்பூர், தரான் பக்கத்துப் பழைய கைவேலை இதுதான்.

அதனால் ஒரே அலகுக்குள் பல குணம். வயிறு போலப் பருத்திருக்கும் பகுதியின் வாய்தான் மிகக் கடினம். நுனியும், பிடியை ஒட்டிய பகுதியும் அதைவிட மென்மை. முதுகு சாதா இரும்பு போல வளைந்து கொடுக்கும். குக்ரியைக் கெடுப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இது தெரியாமல், முழுக்க ஒரே பதமுள்ள ஃபேக்டரிக் கத்தி என்று எண்ணிக் கையாள்பவர்கள்.

வாங்கும்போதே செய்யும் தவறு

கடையில் பளபளக்கும் பித்தளை வேலைப்பாடு, சிங்கத்தலைப் பிடி, கண்ணாடி போன்ற அலகு என்றிருந்தால் அது பெரும்பாலும் அலமாரிக்குச் செய்த பொருள். தோய்ச்சலே கொடுத்திருக்க மாட்டார்கள். சோதிக்க ஒரு பழைய அரம் போதும். அரத்தை அழுத்தாமல் வாயில் ஓட்டுங்கள். பதம் ஏறிய இடத்தில் கண்ணாடிமேல் போவது போல வழுக்கும், ஏறாத இடத்தில் கடிக்கும். வயிற்றுப் பகுதியிலேயே கடித்தால் அதைத் தீட்டிப் பயனில்லை. வழுக்கும் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மார்க்கரில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் உதவும்.

வகையையும் பார்க்க வேண்டும். சிருபாதே ஒல்லி, வேகமானது; புதர், கிளை, இறைச்சிக்குச் சரி. அங்கோலா தடித்தது, முதுகே 9, 10 மில்லிமீட்டர் வரும், விறகுக்கு உகந்தது. காய்கறி அரிய இரண்டுமே வேண்டாம். நேபாளச் சமையலறையிலேயே அதற்கு சுலேசி என்று ஒன்று தனியாக இருக்கிறது, நம் அரிவாள்மனையின் உடன்பிறப்பு.

உறையில் இருந்து உருவும்போது

அதிகம் கை கிழிபடும் இடம் இதுதான். உறை என்பது இரண்டு மரச் சில்லுகளை ஒட்டி, மேலே எருமைத்தோல் போர்த்தித் தைத்தது. வாளை உருவுவது போல உறையைச் சுற்றி விரல்களை மடக்கிப் பிடித்தால், வாய் இருக்கும் ஓரத்தில் உங்கள் விரல்கள் இருக்கும். அலகு உள்ளே சாய்ந்தால் மரத்தின் ஒட்டையும் தையலையும் அறுத்துக்கொண்டு விரலுக்கு வந்துவிடும். உறையின் இரண்டு தட்டைப் பக்கங்களை மட்டும் கட்டைவிரலாலும் மற்ற விரல்களாலும் கவ்வுங்கள். குக்ரியின் முதுகு உறையின் முதுகுப்பக்கத்தை உரசியபடியே, வளைவின் போக்கில் வெளியே வரட்டும். திரும்பச் செருகும்போதும் அப்படியே. உறைக்குப் பின்னால் இரண்டு குட்டிக் கத்திகள் இருக்கும்: கூருள்ளது கர்தா, கூரில்லாதது சக்மக். உறையைத் தலைகீழாகப் பிடித்தால் முதலில் விழுபவை இவைதான், செருப்புப் போடாத காலைப் பார்த்து.

வெட்டும்போது

எடை முன்பக்கம் இருப்பதால் குக்ரி தானாகவே விழும். அதை இறுக்கிப் பிடித்து, தோள் பலத்தால் அடிப்பவர் பத்து நிமிடத்தில் கையை உதறுவார். பிடியின் நடுவில் ஒரு வளையம் இருக்கும். அது நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே உட்கார வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்திருக்க, மற்றவை தளர்வாக இருந்து, அடி விழும் கணத்தில் மட்டும் மூடட்டும்.

மரத்தில் படவேண்டியது வயிற்றின் அகலமான பகுதி. நுனியால் அடித்தால் அதிர்வு மணிக்கட்டுக்கு ஏறும், பிடியையும் தளர்த்தும். கட்டைக்கு நேர் குறுக்கே வெட்டினால் ஆழமாக இறங்காது, சிக்கியும் கொள்ளும். இந்தப் பக்கம் 45 பாகை, அந்தப் பக்கம் 45 பாகை என்று மாறி மாறி வெட்டினால் நடுவில் சில்லு தானே தெறிக்கும். கட்டை உங்கள் காலுக்கும் கத்திக்கும் இடையில் இருக்கட்டும். குறி தவறினால் அலகு போய் முடிய மண்ணாவது மரமாவது வேண்டும், முழங்கால் அல்ல. பிடியில் கயிறு கோத்து மணிக்கட்டில் மாட்டுவதும் வேண்டாம். கை நழுவினால் கத்தி தூரப் போகாமல் உங்களிடமே திரும்பும்.

சிக்கிய குக்ரியைப் பக்கவாட்டில் திருகி எடுப்பது மிகப் பெரிய தவறு. கடினமான வாய் வளையாது, பிறைச்சந்திரன் வடிவில் பெயர்ந்து வரும். பல் விழுவது பெரும்பாலும் வெட்டும்போது அல்ல, இப்படி எடுக்கும்போதுதான். வாயின் நீளவாக்கிலேயே பிடியை மேலும் கீழும் அசைத்து இழுங்கள். காய்ந்த மூங்கில் கணு, எருமை எலும்பு, ஆணி அடித்த பலகை மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். விறகு பிளக்க முதுகில் தட்டுவதானால் மரக்கட்டையால் தட்டுங்கள். சுத்தியல் பட்டால் பதமில்லாத முதுகு நசுங்கிப் பூ விரிந்தது போலாகும்.

தீட்டுவதில் தவறுகள்

முதல் தவறு, சக்மக்கைத் தீட்டுக்கல்லாக நினைப்பது. அது இரும்பைத் தேய்க்காது; மடங்கிய வாயை நிமிர்த்த மட்டும் செய்யும். வேலைக்கு நடுவே பக்கத்துக்கு ஐந்தாறு இழுப்பு, மெல்ல. அதிலும் கூர் திரும்பவில்லை என்றால்தான் தீட்டும் நேரம்.

இரண்டாவது, தெருவில் வரும் சாணைச் சக்கரத்திலோ ஆங்கிள் கிரைண்டரிலோ கொடுப்பது. வாயின் மெல்லிய ஓரம் சில நொடிகளில் சூடாகும். வைக்கோல் நிறம் வந்தால் எச்சரிக்கை. நீலம் வந்துவிட்டால் வெப்பம் சுமார் 300 டிகிரியை எட்டிவிட்டது, அந்த இடத்துப் பதம் போயிற்று. கெட்டிலைச் சாய்த்துக் கொல்லர் ஏற்றிய பதம் அது. இதில் ஒரு ஏமாற்றும் உண்டு: நீலத்தை எமரித்தாளால் தேய்த்தால் கறை மறையும், மென்மை மறையாது. ஒரு வாரத்தில் அதே இடம் மழுங்கும்போதுதான் விஷயம் தெரியும். வேறு வழியில்லாமல் சக்கரத்தில் வைத்தால், கையுறை இல்லாமல் வெறும் விரலால் அலகைப் பிடித்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தண்ணீரில் முக்குங்கள். விரல் தாங்காத சூட்டை வாய்க்கும் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, தட்டையான அகலக் கல். குக்ரியின் வாய் வயிற்றில் வெளியே வளைந்து, பிடிக்கு அருகில் உள்ளே வளைகிறது. அகலக் கல் வயிற்றை மட்டும் தொடும். உள்வளைவில் கல்லின் மூலை பட்டுப் பள்ளம் விழும். தவிர, குக்ரியின் வாய் லேசாக உப்பிய வாய். அதைக் கல்லில் தட்டையாக்கினால் தோள்பகுதி தேய்ந்து, மெலிந்த ஓரம் முதல் விறகிலேயே மடங்கும்.

பழைய ஹவாய் செருப்பின் அடிப்பாகத்திலோ மவுஸ் பேடிலோ வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். 400, 800, 1500 என்று மூன்று தாள் போதும். ரப்பர் கொஞ்சம் அமுங்குவதால் உப்பிய வாய் அப்படியே காப்பாற்றப்படும். உள்வளைவுக்கு அதே தாளை ஒரு விரல்கனக் கம்பில் சுற்றி, கத்தியை மேசையில் நிலையாக வைத்துவிட்டுக் கம்பை நகர்த்துங்கள்.

சாய்வு பக்கத்துக்கு 20 பாகை. அலகு 5 சென்டிமீட்டர் அகலமும் முதுகு 9 மில்லிமீட்டர் கனமும் உள்ள இடத்தில், முதுகின் கீழ் ஓரத்துக்கும் தாளுக்கும் இடைவெளி சுமார் 13 மில்லிமீட்டர் வரும். அதே கனத்தில் அகலம் 3 சென்டிமீட்டராகக் குறையும் இடத்தில் இடைவெளி 6 தான். முழு நீளத்துக்கும் ஒரே உயரத்தில் தூக்கிப் பிடித்தால் பிடிப்பக்கம் கூர் மொண்ணையாகும். வாயோரம் மார்க்கரால் கறுப்படித்து இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். கறுப்பு முழுதும் போனால் சாய்வு சரி. ஓரத்தில் மிஞ்சினால் இன்னும் தூக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் போனால் இறக்க வேண்டும்.

இழுப்பு எப்போதும் முதுகு முன்னே, வாய் பின்னே. எதிர்த்திசையில் தள்ளினால் தாள் கிழியும். அழுத்தினால் ரப்பர் மேலெழுந்து ஓரத்தை உருட்டிவிடும். கத்தியின் எடையே போதும். மறுபக்கம் முழு நீளமும் விரலுக்குப் பிசிறு தட்டும்வரை பக்கம் மாற்றாதீர்கள். பலர் பத்துக்குப் பத்து என்று எண்ணி மாற்றி, எங்கும் கூர் ஏறாமல் விட்டுவிடுகிறார்கள். கடைசியில் தோல் பெல்ட்டில் இருபது இழுப்பு.

பல் விழுந்திருந்தால் ஒரே நாளில் சமன் செய்ய வேண்டாம். பதம் ஏறிய பட்டை அகலமானதல்ல, ஆரம்பத்தில் அரத்தால் சோதித்தோமே, அதுதான் மொத்த மூலதனம். ஒரு மில்லிமீட்டர் பல் நாலைந்து தீட்டலில் தானே மறையும்.

பிடியும் அலங்காரமும்

பழைய முறைக் குக்ரியில் அலகின் வால் பிடிக்குள் ஆணி போல இறங்கி, லாஹா என்னும் அரக்கு வகைப் பிசினால் பிடித்திருக்கும். சூடு பட்டால் லாஹா இளகும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைப்பது, அடுப்போரம் சாத்துவது, கொதிநீரில் கழுவுவது மூன்றும் பிடியைக் கழற்றும் வழிகள். ஆடும் பிடிக்குள் ஆணியோ ஆப்போ அடித்தால் மரம் பிளக்கும். ஹேர் டிரையரால் மெல்லச் சூடாக்கி, பழைய லாஹாவைச் சுரண்டி, அசிட்டோனால் எண்ணெய் நீக்கி, அரால்டைட் போன்ற எபாக்சியை ஊற்றி, அலகை மேல்நோக்கி 24 மணி நேரம் நிறுத்துங்கள். அலகு முழு அகலத்தில் பிடிவரை போகும் பனாவல் வகையில் இந்தத் தொல்லை குறைவு, எடை கூடுதல்.

பிடியின் அடிப்பக்கம் விரிந்திருப்பது சுண்டுவிரலை உறுத்தினால் 80, 120, 220 தாளில் கையாலேயே தேயுங்கள். கொம்புப் பிடியானால் முகமூடி கட்டாயம், நாற்றம் வேறு. கொம்பில் மயிரிழை விரிசல் கண்டால் ஃபெவிக்விக்கைச் சொட்டி, காய்ந்ததும் தேய்த்துவிடலாம். ஈட்டிக்குப் பங்காளியான சீசம் மரப் பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது. ஆனால் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போதே சூட்டை உண்டாக்கும், துணி தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துப் போடுங்கள்.

அலகைக் கறுப்பாக்க வினிகரில் ஊறவைப்பவர்கள் பிடியின் பித்தளை வளையத்துக்குள் வினிகர் இறங்குவதை மறந்துவிடுகிறார்கள். உள்ளிருந்து துரு ஏறும். ஊறப்போடாமல், சூடான வினிகரைத் துணியால் 20 நிமிடம் ஒற்றி, சோடா உப்புக் கரைசலால் கழுவித் துடைத்தால் போதும். பிடியருகே வாயில் இருக்கும் பிளவைச் சிலர் அரத்தால் அழகுபடுத்துவார்கள். அதன் மூலைகள் உருண்டையாகவே இருக்கட்டும். கூர்மூலையில் இருந்துதான் விரிசல் ஓடும். உறையில் போடும் முன் ரத்தம் காட்ட வேண்டும் என்பதெல்லாம் சுற்றுலாக் கதை.

நாள்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் தோலுறையில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுக்கும். தையல் மெஷின் எண்ணெய் தடவி, துணியில் சுற்றித் தனியே வையுங்கள். இறைச்சி வெட்டும் முன் அந்த எண்ணெயைச் சோப்பால் கழுவிவிட வேண்டும். நேபாளத்தில் தசைன் நவமி அன்று, நம் ஆயுத பூஜையைப் போலவே, கருவிகளுக்கும் வண்டிகளுக்கும் பொட்டும் பூவும் வைத்துக் கும்பிடுவார்கள். ஈரக் குங்குமத்தோடு அப்படியே உறைக்குப் போகும் குக்ரியில், மறுநாளே பொட்டு வைத்த இடத்தில் அதே வட்டத்தில் துரு பூத்திருக்கும். அன்றைக்கு ராத்திரியே துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள். பொட்டை முதுகில் வைத்தால் இன்னும் நல்லது.