சின்னப் பிள்ளைகளுக்கு கேம் கன்சோல்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனதும் நான் கேட்ட முதல் கேள்வி, "இருக்கிறதுலேயே லேட்டஸ்ட் எது?" அதுதான் முதல் தவறு. பிளேஸ்டேஷன் 5 வாங்கி வந்து ஐந்து வயது மகளிடம் கன்ட்ரோலரைக் கொடுத்தேன். பிடியைப் பற்றினால் கட்டைவிரல் பட்டனுக்கு எட்டவில்லை. பட்டனை எட்டிப் பிடித்தால் கை நழுவியது. கடைசியில் அதைப் பாயில் வைத்துவிட்டு, குனிந்து இரண்டு கையாலும் அழுத்த ஆரம்பித்தாள். அந்தக் கன்ட்ரோலர் ஏறக்குறைய 280 கிராம். நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கன்சோலில் வரும் 'ஜாய்கான்' என்னும் இரண்டு குட்டி கன்ட்ரோலர்கள் ஒவ்வொன்றும் 50 கிராம் அளவுதான். ஆறு, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால், கிராஃபிக்ஸைவிடப் பிள்ளையின் கைதான் முக்கியம். முடிந்தால் யார் வீட்டிலாவது ஒரு பத்து நிமிஷம் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளில் பொதுவாக ஒரே கன்ட்ரோலர்தான் இருக்கும். அண்ணன் ஆடிக்கொண்டே இருப்பான், தங்கை "என் டர்ன் எப்போ?" என்று அழுதுகொண்டே இருப்பாள். இரண்டாவது கன்ட்ரோலரின் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். ஸ்விட்ச்சில் இரண்டு ஜாய்கானையும் கழற்றி, படுக்கவாட்டில் பிடித்து, பல கேம்களை ஆளுக்கொன்றாக ஆடலாம். ஆனால் விலை குறைவு என்று ஸ்விட்ச் லைட் வாங்கிவிடாதீர்கள். அதில் கன்ட்ரோலர் கழலாது, டிவியிலும் இணைக்க முடியாது. ஹாலில் தாத்தா பாட்டியோடு சேர்ந்து ஆடும் வீட்டுக்கு அது ஒத்துவராது.

நம் கடைகளில் கிடைக்கும் ஸ்விட்ச் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தது. கடைக்காரர் வாயால் சொல்லும் வாரண்டி போதாது, பில்லில் எழுதி வாங்குங்கள். 2025-இல் வந்த ஸ்விட்ச் 2-வில் ஜப்பானுக்கென்றே ஒரு மாடல் உண்டு. அதன் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே வரும். பணம் கொடுக்கும் முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

என் அண்ணி செய்த தவறு வேறு மாதிரி. சில ஆயிரம் மிச்சம் என்று டிஸ்க் போட முடியாத மாடலை வாங்கிவிட்டார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் டிஸ்க் மாற்றி மாற்றி ஆட, இவர் ஒவ்வொரு கேமையும் முழு விலைக்கு ஆன்லைனில் வாங்குகிறார். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ்ஸிலும் டிஸ்க் வசதி கிடையாது. இவற்றில் கேமை நெட்டில்தான் இறக்க வேண்டும். பெரிய கேம்கள் 100 ஜிபியைத் தாண்டுவதும் உண்டு, போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி இதில் இறங்காதீர்கள்.

இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். "கார் ஓட்டுற கேம்தான் சார், பசங்க எல்லாரும் இதான் ஆடுறாங்க" என்று ஒரு கடையில் என்னிடம் எடுத்துக் கொடுத்தது, அடிதடியும் துப்பாக்கிச் சூடும் நிறைந்த ஜிடிஏ 5. அட்டையில் 18 என்று போட்டிருந்தது. ஐரோப்பிய 'பெகி' முத்திரையில் 3, 7, 12, 16, 18 என்று வரும் எண்கள் வயதைக் குறிப்பவை. கேம் எவ்வளவு கடினம் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. கடைக்காரரின் வார்த்தையைவிட அந்த எண்ணை நம்புங்கள்.

ஸ்விட்ச்சில் செருகும் கேம் அட்டையான கார்ட்ரிட்ஜ் நாக்கில் பட்டால் கடுங்கசப்பு. குழந்தைகள் வாயில் போடாதிருக்கத்தான் அந்தப் பூச்சு. ஆனாலும் தபால்தலை அளவுதான் இருக்கும், தவழும் குழந்தை உள்ள வீட்டில் டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.

பிறந்தநாள் பரிசாக வாங்கினால் முந்தின நாள் இரவே, பிள்ளைகள் தூங்கியதும், பெட்டியைப் பிரித்துவிடுங்கள். அப்டேட்டை இறக்கி, பிள்ளை பெயரில் தனிக் கணக்கு திறந்து, ஆடும் நேரத்துக்கு வரம்பு வைத்து, எதை வாங்கினாலும் பின் நம்பர் கேட்கும்படி மாற்றுங்கள். காலையில் கேக் வெட்டியதும் நேராக ஆட உட்காரலாம்.