பழைய பெடலில் இருந்த கிட்டார் டோனைப் புதுப் பெடலில் கொண்டுவருவது எப்படி? (ஜூம் ஜி1 ஆன் முதல் பாஸ் ஜிடி-1 வரை)

குன்னூர், கோத்தகிரி பக்கம் கிட்டார் எடுக்கிற பிள்ளைகள் பலர் சர்ச் கொயரிலோ மெல்லிசைக் குழுவிலோதான் தொடங்குகிறார்கள். முதலில் கைக்கு வருவது யாராவது ஒரு அண்ணன் வைத்திருந்த பழைய மல்டி எஃபெக்ட்ஸ், அதாவது பல எஃபெக்ட்டுகளை ஒரே பெட்டியில் வைத்திருக்கும் பெடல். அதிலேயே நோண்டி நோண்டி மனசுக்குப் பிடித்த ஒரு டோனைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு காசு சேர்த்துப் புதுப் பெடல் வாங்குவார்கள். அப்போது என்னிடம் வருகிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணா, பழசுல இருந்த நம்பரையெல்லாம் அப்படியே வெச்சுட்டேன். ஆனா அந்த சவுண்ட் வரலையே?"

வராது. ஜூமில் கெயின் (கரகரப்பின் அளவு) 60 என்பதற்கும் பாஸ் (Boss) கம்பெனியின் பெடலில் கெயின் 60 என்பதற்கும் எந்த உறவும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் அளவுகோலைத் தானே வைத்துக்கொள்கிறது. ஒரு கம்பெனியின் பேட்ச் (சேமித்துவைத்த டோன் அமைப்பு) ஃபைல் இன்னொரு கம்பெனியின் பெடலில் திறக்கவும் திறக்காது. அதனால் நம்பரை விட்டுவிட்டு சத்தத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசைப்படி போனால் ஒரு மாலைக்குள் முடிகிற வேலைதான் இது.

உதாரணத்துக்கு ஜூம் ஜி1 ஆன், பாஸ் ஜிடி-1 இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். வேறு பெடலாக இருந்தாலும் முறை இதேதான்.

முதலில் பழைய டோனைப் பதிவு செய்யுங்கள்

காது சீக்கிரம் மறந்துவிடும். பெடலை மாற்றி கேபிளைச் செருகுவதற்குள் பழைய டோன் நினைவில் மங்கிவிடும். அதனால் லேப்டாப்பில் ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பழைய டோனைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஃபோனில் பதிவு செய்யலாம், ஆனால் பல ஃபோன்களின் வாய்ஸ் ரெக்கார்டர் சத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கும். ஒலியளவை ஒப்பிட அது உதவாது.

நான்கு விதமாக வாசித்துப் பதியுங்கள். ஒரு ஓப்பன் கார்டை அடித்து, சத்தம் முழுக்கச் சாகும்வரை விடுங்கள். பிறகு தடித்த கம்பியில் கொஞ்சம் பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை லேசாக அமுக்கி வாசிப்பது). அப்புறம் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு சின்ன லீட். கடைசியாக மெதுவான ஆர்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது). எந்தப் பிக்கப், கிட்டாரின் வால்யூம் எத்தனையில், எந்தப் பிக் என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு, புதுப் பெடலிலும் அதையே பயன்படுத்துங்கள்.

கம்பியையும் கவனியுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பியில் ட்ரெபிள் மங்கலாக இருக்கும். பழைய கம்பியில் பதிந்துவிட்டு, புதுப் பெடல் வந்த சந்தோஷத்தில் புதுக் கம்பியும் மாட்டிவிட்டால், எது பெடல் செய்த வேறுபாடு, எது கம்பி செய்த வேறுபாடு என்று தெரியாது. ட்யூனிங்கையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். குளிரில் இரும்புக் கம்பி சுருங்கி சுருதி ஏறும், அறை சூடானதும் இறங்கும்.

செயினை எழுதுங்கள்

ஒரு தாளில் பழைய பேட்ச்சின் செயினை, அதாவது எஃபெக்ட்டுகள் வரும் வரிசையை, இடமிருந்து வலமாக எழுதுங்கள். உதாரணமாக: கம்ப்ரசர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது), ட்யூப் ஸ்க்ரீமர் வகை ட்ரைவ் (ஒலியைக் கரகரப்பாக்குவது), ஃபெண்டர் ட்வின் வகை ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), டிலே (எதிரொலி), ரிவெர்ப் (அறையின் முழக்கம்). இதில் வரிசை முக்கியம். ட்ரைவுக்கு முன்னால் டிலே இருந்தால் எதிரொலியும் சேர்ந்து கலங்கும். பின்னால் இருந்தால் எதிரொலி தெளிவாக வரும்.

எஃபெக்ட்டின் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதில் குழம்ப வேண்டாம். எந்த எஃபெக்ட் எந்த அசல் கருவியைப் பார்த்துச் செய்தது என்று பெடலோடு வரும் எஃபெக்ட் பட்டியலில் பெரும்பாலும் இருக்கும். பெயரை விட்டு அசல் கருவியைத் தேடுங்கள்.

பெடல் எதில் செருகியிருக்கிறது என்று பெடலுக்குச் சொல்லுங்கள்

தொடக்கத்தில் இருப்பவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். கிட்டார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சத்தத்தை வேகமாக வெட்டிவிடும். டிஸ்டார்ஷன் காதுக்கு இதமாகக் கேட்பதற்குக் காரணமே அந்த வெட்டுதான். மிக்சரிலோ ஹெட்போனிலோ செருகும்போது அந்த ஸ்பீக்கர் இல்லை. அதனால் பெடலே கேபினட்டைப் (ஸ்பீக்கர் பெட்டியைப்) போல நடிக்க வேண்டும்.

ஜிடி-1-ல் இதற்காக 'அவுட்புட் செலக்ட்' என்றொரு செட்டிங் உண்டு. மிக்சர் அல்லது ஹெட்போன் என்றால் 'லைன்/ஃபோன்ஸ்' வையுங்கள். கிட்டார் ஆம்பில் செருகினால் அந்த வகை ஆம்பைத் தேர்ந்தெடுங்கள். இது தப்பாக இருந்தால், லைனில் டோன் தேனீக் கூட்டம் மாதிரி இரையும். ஆம்பில் செருகும்போது தப்பினால், கேபினட் இரண்டு முறை விழுந்து போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகிவிடும். இதைச் சரிசெய்யாமல் ட்ரெபிளைத் திருகிக்கொண்டே இருந்தால் விடிய விடியத் திருகலாம்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒலியளவைச் சமன் செய்யுங்கள்

இரண்டு பெடலிலும் எல்லா எஃபெக்ட்டுகளையும் அணைத்து, வெறும் கிட்டாரை ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவாருங்கள். இதன் பிறகு ஒவ்வொரு படியிலும் ஒலியளவைத் திரும்பச் சமன் செய்ய வேண்டும். சற்று சத்தமாக இருப்பது எப்போதும் நல்ல டோன் போலவே காதுக்குப் படும். கொஞ்சம் ஒலி கூடினாலும் ஆம்ப் மாடல் சிறந்தது என்று நினைத்துத் தப்பான பாதையில் போய்விடுவோம்.

இரைச்சல் வந்தால் இந்தப் படியிலேயே பாருங்கள். இரண்டு பெடலும் நான்கு டபுள் ஏ பேட்டரியில் ஓடும். பேட்டரியில் மாற்றியதும் 'ம்ம்ம்' சத்தம் நின்றுவிட்டால் கோளாறு அடாப்டரிலோ கரண்ட் லைனின் எர்த்திலோ இருக்கிறது. நிற்காவிட்டால் பெரும்பாலும் சிங்கிள் காயில் (வெளி மின் இரைச்சலை எளிதில் பிடிக்கும் வகை) பிக்கப்தான். உட்காரும் திசையை மாற்றிப் பாருங்கள்.

ஆம்ப், அப்புறம் கெயின்

இப்போது ஆம்பையும் கேபினட்டையும் மட்டும் ஆன் செய்யுங்கள். பேஸ், மிடில், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். நடுவில் வைத்தாலும் எல்லா ஆம்பும் ஒன்றுபோல் இருக்காது. ஃபெண்டர் வகையில் மிட் குழிந்து இருக்கும். மார்ஷல் வகையில் மிட் முன்னால் நிற்கும். குடும்பமே மாறிவிட்டால் ஈக்யூவால் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைப்பதால்) சரிக்கட்டுவது கஷ்டம். அதனால் முதலில் சரியான குடும்பத்தைப் பிடியுங்கள். கேபினட்டிலும் அப்படித்தான். பின்பக்கம் திறந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டி காற்றோட்டமாகக் கேட்கும். மூடிய நான்கு ஸ்பீக்கர் பெட்டியில் பேஸ் இறுக்கமாக இருக்கும்.

கெயினுக்கு நான் சொல்லித்தருகிற முறை இது. ஒரு 'ஈ' கார்டை அடித்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். முதலில் கரகரவென்று இருக்கும். சத்தம் குறையக் குறைய கரகரப்பு உதிர்ந்து, ஒரு கட்டத்தில் சுத்தமான ஒலி மட்டும் மிஞ்சும். அந்த இடம் எத்தனையாவது நொடியில் வருகிறது என்று பழைய பதிவில் கேளுங்கள். புதுப் பெடலிலும் அதே நொடியில் வரும்வரை கெயினைக் கூட்டிக் குறையுங்கள். அடுத்து கிட்டாரின் வால்யூமைப் பாதிக்கு இறக்கி வாசியுங்கள். பழையதில் அந்த இடத்தில் டோன் சுத்தமாகியிருந்தால் புதியதிலும் ஆக வேண்டும். இந்த இரண்டு சோதனையிலும் தேறிவிட்டால், திரையில் 60 காட்டினாலும் 35 காட்டினாலும் கவலையில்லை.

ட்ரைவ் பெடலை இதற்குப் பிறகுதான் ஆன் செய்ய வேண்டும். ட்யூப் ஸ்க்ரீமர் வகை பேஸைக் குறைத்து, சுமார் 720 ஹெர்ட்ஸ் பக்கம் மிட்டைத் தூக்கும். பழைய பேட்ச்சில் லீட் பளிச்சென்று நின்றதற்கு அதுதான் காரணமாக இருக்கும். அதை மறந்துவிட்டு ஆம்பின் மிடிலை ஏற்றினால் அந்தக் குணம் வராது.

ஈக்யூவில் கொஞ்சமாகக் கை வையுங்கள்

ஆடாசிட்டியில் இரண்டு பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, 'அனலைஸ்' மெனுவில் 'ப்ளாட் ஸ்பெக்ட்ரம்' பாருங்கள். வரைபடம் எங்கே விலகுகிறது என்று கண்ணுக்கே தெரியும். தடித்த கம்பியின் 'ஈ' சுமார் 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே தெரிவது பெரும்பாலும் வேண்டாத உறுமல்தான். மந்தமாகக் கேட்டால் 200 முதல் 300 வரை பாருங்கள். பிக் படுகிற கூர்மை 2,000 முதல் 4,000 வரை. 5,000-க்கு மேலே 'ஸ்ஸ்' என்று வந்தால் அங்கே வெட்டுங்கள். கூட்டுவதைவிட வெட்டுவதே எனக்குப் பிடித்த வழி. ஆறு டெசிபலுக்கு மேல் போக வேண்டியிருந்தால் ஆம்ப் மாடலைத் தப்பாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு முந்தின படிக்குப் போங்கள்.

டிலே, ரிவெர்ப், கோரஸ்

டிலே நேரம் மட்டும் நம்பராகவே மாற்றக்கூடியது. மில்லிசெகண்ட் எல்லாப் பெடலிலும் மில்லிசெகண்ட்தான். பழைய நேரம் தெரியாவிட்டால் டெம்போவிலிருந்து கணக்கிடுங்கள். 60,000-ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு தட்டின் நேரம் வரும். டெம்போ 80 என்றால் 750. டாட்டட் எய்த் வேண்டுமானால் அதில் முக்கால் பங்கு, அதாவது சுமார் 562.

அளவு விஷயம் வேறு. மிக்ஸ் என்று இருக்கும் பெடலில் அதைக் கூட்டக் கூட்ட நேரடி ஒலி குறையலாம். எஃபெக்ட் லெவல் என்று இருக்கும் பெடலில் நேரடி ஒலி அப்படியே நிற்க, எதிரொலி மட்டும் கூடும். அதனால் எத்தனை எதிரொலி கேட்கிறது என்று எண்ணி ஃபீட்பேக்கைச் சமன் செய்யுங்கள். முதல் எதிரொலி எவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று கேட்டு லெவலைச் சமன் செய்யுங்கள். ரிவெர்புக்கு வால் நீளத்தைக் கேட்டால் போதும். கோரஸில் (ஒலியை லேசாக அசைத்து இரட்டிப்பாகக் கேட்கச் செய்யும் எஃபெக்ட்) வேகத்தை முதலில் பிடியுங்கள், ஆழம் பிறகு.

வாசிக்கிற இடத்தில் கடைசித் திருத்தம்

வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் தூங்கும்போது ஹெட்போனில்தான் இதையெல்லாம் செய்ய முடியும். செய்யுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பேஸும் ட்ரெபிளும் குறைவாகவே எட்டும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிய விஷயம் இது. மெதுவாகக் கேட்டு அழகாகச் செய்த டோன், சர்ச் ஸ்பீக்கரில் ஏறியதும் பேஸில் முழங்கி ட்ரெபிளில் குத்தும்.

எனவே பேட்ச்சை இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஒன்று வீட்டுக்கு, ஒன்று மேடைக்கு. சவுண்ட் செக்கில் மேடைப் பிரதியில் மட்டும் பேஸைக் கொஞ்சம் இறக்குங்கள், மிட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கல்லால் கட்டிய உயரமான சர்ச்சுகளில் கட்டிடமே ரிவெர்ப் தரும். அங்கே பெடலின் ரிவெர்பைப் பாதிக்குக் குறைக்கலாம், அணைத்தேகூட விடலாம். திருவிழா மேடை மாதிரி வெட்டவெளியில் வாசித்தால் ரிவெர்பைப் பழையபடி ஏற்றிக்கொள்ளுங்கள். திருத்தம் முடிந்ததும் மறக்காமல் சேமித்துவிட்டு ஆஃப் செய்யுங்கள்.