துறை மாறிய ஊர்: மன்னாரை உள்ளூர் வழிகாட்டியுடன் பார்க்க வருவோருக்கு

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ உறவினர் வீட்டில் சில வாரங்கள் தங்க வருபவர்கள் பெரும்பாலும் மன்னாருக்கென்று ஒரேயொரு நாளைத்தான் ஒதுக்குகிறார்கள். அந்த நாளும் மடுமாதாவைக் கும்பிட்டு, திருக்கேதீச்சரத்தில் அர்ச்சனை செய்து, பள்ளிமுனைப் பக்கத்துப் பெருக்கமரத்தின் (பாவோபாப் மரம்) முன் நின்று ஒரு படம் எடுப்பதோடு முடிந்துவிடுகிறது. பின்னர் லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ திரும்பிச் சென்று, "மன்னாரில் பார்க்க என்ன இருக்கிறது, வெயிலும் கழுதையும்தான்" என்கிறார்கள். குற்றம் அவர்களுடையதன்று. மன்னாரின் துறைமுகம் ஓரிடத்தில் நிலைத்து நின்றதில்லை. மாந்தையிலும், தீவின் முனையிலுள்ள கோட்டையடியிலும், அரிப்பிலும், தலைமன்னாரிலுமாக வெவ்வேறு காலங்களில் அது இடம் மாறியிருக்கிறது. அந்தத் தடத்தை அறிந்த ஒருவர் கூட வராவிட்டால், அங்கே காண்பதெல்லாம் தொடர்பற்ற இடிபாடுகளாகவே தோன்றும்.

ஆகவே முதலில் ஆளைத் தேடுங்கள், வாகனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கொழும்பிலிருந்து வானும் சாரதியும் அமர்த்தி வருபவர்கள் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சின்னம்மாவின் குடும்பம் அப்படித்தான் வந்தது. சாரதி நல்ல மனிதர், ஆனால் கோட்டையின் வாசலில் இறக்கிவிட்டு வாகனத்துக்குள் உறங்கிவிட்டார். மூன்று மணி நேரத்தில் மன்னார் முடிந்துபோனது. மறுநாள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை உள்ளூரில் கேட்டு அழைத்துச் சென்றோம். அதே கோட்டைச் சுவரில் கைவைத்து, "இது முருகைக்கல் தம்பி, கடலுக்குள்ளிருந்து வந்தது" என்று அவர் தொடங்கியபோது, அதுவரை கைபேசியிலிருந்து கண்ணெடுக்காத பிள்ளைகளும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

தொழில்முறை வழிகாட்டிகளுக்கு இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை அனுமதி அட்டை வழங்குகிறது. அமர்த்துபவர் அத்தகையவர் என்றால் அட்டையைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. அவர்களில் பலர் வெள்ளைக்காரப் பயணிகளுக்கு விளக்கிப் பழகியவர்கள் என்பதால், பெரியவர்களுக்குத் தமிழிலும் அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலத்திலும் சொல்ல முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நான் வழக்கமாக ஒரு கேள்வி கேட்டு ஆளை எடைபோடுவேன்: "அரிப்பு அல்லிராணிக் கோட்டையைக் கட்டியது யார்?" கதைகளில் வரும் அரசி அல்லியரசாணி என்று மட்டும் சொல்பவருக்குக் கதை தெரியும், ஆங்கிலேயத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் என்று மட்டும் சொல்பவர் புத்தகம் படித்தவர். இரண்டையும் சொல்லி, எது எங்கே பொருந்தும் என்று பிரித்துக் காட்டுபவரையே அமர்த்துங்கள்.

கூலியைப் பேசும்போது வாகனத்துக்கும் வழிகாட்டிக்கும் தனித்தனியாகப் பேசுங்கள். காத்திருக்கும் நேரம், இரவுத் தங்கல், சாரதியின் சாப்பாடு ஆகியவை யார் கணக்கு என்பதும் புறப்படும் முன்னரே தெளிவாகிவிட வேண்டும். அறிமுகத்தின் பேரில் வரும் பெரியவர்கள் தொகை சொல்லக் கூச்சப்படுவார்கள். அதை வாய்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு நாள் வழிகாட்டிக்கு என்ன கொடுப்பார்கள் என்று உறவினரிடம் விசாரித்து, அதற்குக் குறையாமல் கொடுப்பதே மரியாதை.

வவுனியாவிலிருந்து மன்னார் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து புகையிரதத்தில் நேராகத் தலைமன்னாருக்கு வரலாம். ஆனால் வவுனியாவிலிருந்து வருபவர் மதவாச்சியில் மாறவேண்டும் என்பதால் பஸ்ஸோ வாகனமோதான் வசதி. கிளிநொச்சிப் பக்கத்தவர்கள் பூநகரி வழியாக ஏ32 வீதியால் வரலாம். மடுவின் ஆவணித் திருவிழாவையும் கேதீச்சரத்துச் சிவராத்திரியையும் ஒட்டிய நாட்களில் அறை கிடைப்பது அரிது. வைகாசிக்குப் பிறகு சோழகக் காற்று மணலை அள்ளி முகத்தில் வீசும். பறவைகளைப் பார்க்க விரும்புபவர்கள் மார்கழி முதல் மாசி வரையான காலத்தில் வருவதே நல்லது.

இரண்டு நாள் வேண்டும். முதல் நாள் பெருநிலப்பரப்பு.

தீவுக்குச் செல்லும் தாம்போதியைக் கடக்கும் முன்னரே மாந்தை வந்துவிடும். கேதீச்சரத்துக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளே போகிறவர்கள், தாங்கள் ஒரு பண்டைய துறைமுக நகரின் மேட்டின்மேல் நடக்கிறோம் என்பதை உணர்வதில்லை. குதிரை லாட வடிவில் இரட்டை அகழி சூழ்ந்த நகரம் அது. 1980களின் தொடக்கத்தில் இங்கே நடந்த அகழாய்வு போரினால் 1984இல் நின்றது. போர் முடிந்த பின்னர் மீண்டும் தோண்டியபோது கிடைத்தவற்றுள், ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு கராம்பும் மிளகு மணிகளும் இருந்தன. கராம்பு இந்த மண்ணில் விளைந்ததன்று, கிழக்கே இந்தோனேசியத் தீவுகளிலிருந்து கப்பலேறி வந்தது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய மாதோட்டம், அதாவது இந்த மாந்தை, எத்தகைய பட்டினமாக இருந்தது என்பதை விளக்க இந்த ஒரு கராம்பு போதும். வழிகாட்டியிடம் அகழியின் எஞ்சிய பள்ளத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெயர்ப்பலகையை நம்பினால் தவறவிடுவீர்கள். கோயிலுக்குக் காலையிலேயே போவது நல்லது, நண்பகலில் பூட்டிவிடுவார்கள். ஆண்கள் வேட்டியும் சால்வையும் கொண்டுவாருங்கள். போர்த்துக்கேயர் இடித்த கோயிலை மீளக் கட்டவேண்டும் என்று 1872இல் ஆறுமுக நாவலர் விடுத்த வேண்டுகோளையும், பாலாவித் தீர்த்தக் கரையில் அமர்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

பிறகு தெற்கே வங்காலை வழியாக அரிப்புக்குச் செல்லுங்கள். வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, ஏற்கப்பட்டது. காலம் வாய்த்தால் வீதியிலிருந்தே பூநாரைக் கூட்டத்தைக் காணலாம். அரிப்பில் இரண்டு கட்டடங்கள் உள்ளன, பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். ஒன்று பழைய கோட்டை. கண்டி மன்னனின் சிறையிலிருந்து தப்பிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் 1679இல் ஒல்லாந்தரிடம் வந்து சேர்ந்தது இங்கேதான். மற்றையது கடலோர மண்மேட்டில் நிற்கும் அல்லிராணிக் கோட்டை; முத்துக்குளிப்பை மேற்பார்வையிட 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோர்த் கட்டிய மாளிகை. கடலரிப்பு அதை ஆண்டுக்கு ஆண்டு தின்றுகொண்டிருக்கிறது, ஓரத்தில் பிள்ளைகளை விடாதீர்கள். என் கணிப்பில் மன்னாரில் ஒரேயொரு இடத்துக்குத்தான் நேரம் உண்டென்றால் அது இதுதான். இப்பகுதியான முசலியிலும், தீவிலுள்ள எருக்கலம்பிட்டியிலும் 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, நீண்ட காலத்துக்குப் பின் திரும்பிய முஸ்லிம் மக்கள் வாழ்கிறார்கள். தேநீர்க் கடையில் ஊர்க்கதை கேட்க அமரும்போது இதை மனத்தில் வைத்திருங்கள். அவர்களாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

இரவு மன்னார் நகரில் தங்குங்கள். நண்டுக்கறிக்கு முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும்.

மறுநாள் தீவு. கோட்டையைப் போர்த்துக்கேயர் 1560இல் கட்டினர், 1658இல் ஒல்லாந்தர் பிடித்தனர், 1795இல் ஆங்கிலேயரிடம் போனது. அகழியில் கடல்நீர் ஏறி இறங்கும். உள்ளே கூரையற்ற தேவாலயம். பெருக்கமரத்தை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு, 1544இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் படையால் கொல்லப்பட்ட கிறிஸ்தவ வேதசாட்சிகளை நினைவுகூரும் தோட்டவெளிக்கும், விடிகாலையில் மீன் இறங்கும் பேசாலைக்கும் நேரம் ஒதுக்குங்கள். பேசாலையை முதலில் பார்த்துவிட்டுக் கோட்டைக்குத் திரும்புவதே நாங்கள் செய்யும் ஒழுங்கு.

தலைமன்னாருக்கு மாலையில் செல்லுங்கள். 1914இல் இங்கே புகையிரதப் பாதை வந்தது; தனுஷ்கோடிக்கும் இதற்கும் இடையே கப்பல் ஓடியது. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னர், இராமேஸ்வரத்துக்கு 1980களின் நடுப்பகுதி வரை ஓடி நின்றது. புகையிரதம் 2015இல் திரும்பி வந்தது, கப்பல் இன்னும் வரவில்லை. துருப்பிடித்த இறங்குதுறையின் எதிரே நின்று வழிகாட்டிகள் பெரும்பாலும் இராமர் பாலத்தைப் பற்றியே பேசுவார்கள். நீங்கள் மலையகத்தாரைப் பற்றிக் கேளுங்கள். மலைநாட்டுத் தோட்டங்களில் வேலைக்கென்று தமிழகத்திலிருந்து வந்தவர்கள் இக்கரைகளில் இறங்கி, வன்னிக் காட்டின் ஊடாக மாத்தளைக்கு நடந்தார்கள்; அந்நடையை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் நாடுகடத்தப்பட்டவர்களை இதே துறைக்கு ஏற்றிவந்த புகையிரதத்துக்கு அழுகைக் கோச்சி என்று பெயர். கலவரங்களுக்கு அஞ்சி வன்னியில் குடியேறிய மலையகக் குடும்பங்கள் இன்றும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உங்கள் உறவினரின் அயலவர்களாக இருக்கக்கூடும்.

இராமர் பாலத்து மணற்திட்டுகளுக்குப் போக ஆசைப்பட்டு மீனவர் படகை நீங்களாக அமர்த்தாதீர்கள். கடல் எல்லை மிக அருகில் இருக்கிறது, அனுமதியின்றிப் போனால் படகுக்காரரும் சிக்கலில் மாட்டுவார். கடற்படை முகாம்களைப் படம் எடுப்பதும் வேண்டாம். இருட்டுமுன் நகருக்குத் திரும்பிவிடுங்கள். இரவானால் தீவின் வீதிகளில் கழுதைகள் படுத்திருக்கும், அவை ஹோனுக்கும் எழும்பா.