மவுஸைத் தொடாமல் வேலை: பவர்டாய்ஸ் ரன், எஸ்பான்சோ அமைக்கும் முறை

ஒரே முகவரி, ஒரே வணக்கம், ஒரே வங்கிக் கணக்கு விவரம் என்று நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப டைப் செய்கிறீர்களா? இரண்டு இலவச மென்பொருள்கள் போதும். நிரல்களைத் திறக்க ஒரு லாஞ்சர், சுருக்கத்தை விரித்து எழுத ஒரு டெக்ஸ்ட் எக்ஸ்பாண்டர். விண்டோஸ் 11-க்கு பவர்டாய்ஸ் ரன், எஸ்பான்சோ என்ற ஜோடியைப் பரிந்துரைக்கிறேன். ஆட்டோஹாட்கீ என்ற இன்னொரு மென்பொருளால் இன்னும் நிறைய செய்யலாம். ஆனால் அது விண்டோஸில் மட்டுமே ஓடும், ஸ்கிரிப்ட் எழுதவும் பழக வேண்டும். புதியவருக்கு அந்தச் சுமை வேண்டாம்.

முதலில் லாஞ்சர். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் பவர்டாய்ஸை இன்ஸ்டால் செய்து, அதன் செட்டிங்ஸில் பவர்டாய்ஸ் ரன்னை ஆன் செய்யுங்கள். ஆல்ட், ஸ்பேஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் தேடல் பெட்டி வரும். நிரலின் முதல் இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டி என்டர் அழுத்துங்கள். < போட்டுத் தேடினால் ஏற்கெனவே திறந்திருக்கும் விண்டோக்கள் வரும். =12500*18/100 என்று தட்டினால் 2250 என்று ஜிஎஸ்டி தொகை வரும், என்டர் அழுத்தினால் அது காப்பி ஆகிவிடும்.

அடுத்து எஸ்பான்சோவை இன்ஸ்டால் செய்யுங்கள். இங்கேதான் முதல் சிக்கல்: அதன் தேடல் பெட்டிக்கும் அதே ஆல்ட், ஸ்பேஸ்தான். இரண்டும் மோதும். பவர்டாய்ஸ் செட்டிங்ஸில் ரன்னின் ஷார்ட்கட்டை வேறொன்றாக மாற்றிவிடுங்கள்.

டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் விண்டோ) espanso edit என்று தட்டினால் அமைப்புக் கோப்பு திறக்கும். அதில் மாதிரிக்குச் சில சுருக்கங்கள் இருக்கும், முதலாவது :espanso. அதன் இரண்டு வரிகளையும் காப்பி செய்து கீழே ஒட்டி, மேற்கோள் குறிக்குள் இருப்பதை மட்டும் மாற்றுங்கள். முதல் வரியில் சுருக்கம், இரண்டாவது வரியில் விரிவு. வரியின் தொடக்கத்தில் உள்ள இடைவெளிகளைத் தொடாதீர்கள். முதல் வரிக்கு இரண்டு, அடுத்ததற்கு நான்கு, எல்லாமே ஸ்பேஸ் பாரில் தட்டியவை. ஒரே ஒரு டேப் விழுந்தாலும் கோப்பைப் படிக்க முடியாமல் போகும். வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ இருந்து காப்பி செய்யும்போது வளைந்த மேற்கோள் குறி வந்திருந்தாலும் வேலை செய்யாது. சேமித்தவுடன் எஸ்பான்சோ தானாகவே புதியதை எடுத்துக்கொள்ளும்.

சுருக்கத்தை எப்படி வைப்பது என்பதில்தான் அதிகம் யோசிக்க வேண்டும். கடைசி எழுத்து விழுந்த கணமே விரிவு வந்துவிடும். ஆகவே ,,1 என்று ஒன்றும் ,,11 என்று இன்னொன்றும் வைத்தால், இரண்டாவதை எட்டவே முடியாது. எல்லாவற்றையும் இரண்டு இலக்கமாகவே வையுங்கள்: ,,11 முகவரி, ,,12 வணக்கம், ,,13 கணக்கு விவரம். இரட்டைக் காற்புள்ளியை வேறு எதற்கும் யாரும் அடிப்பதில்லை, எனவே தவறுதலாக விரியாது.

தமிழில் டைப் செய்பவர்களுக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. பலர் அரைப்புள்ளியில் தொடங்கும் சுருக்கம் வைப்பார்கள், ஆனால் தமிழ்99 என்ற கீபோர்டு அமைப்பில் அந்தக் கீயில் 'ந' வந்து உட்காரும். காற்புள்ளியும் எண்களும் இடம் மாறுவதில்லை. இருந்தாலும் சில தமிழ் கீபோர்டு மென்பொருள்கள் தட்டுவதைத் தம்மிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் நோட்பேடில் ஒருமுறை சோதியுங்கள். ஆங்கிலக் கீபோர்டில் இருந்தபடியே ,,12 தட்டி 'வணக்கம். தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது.' என்று வரவழைக்கவும் முடியும்.

விரிவுக்குள் $|$ என்று எழுதினால் கர்சர் அங்கே போய் நிற்கும். 'பில் எண் $|$ இணைத்துள்ளோம்' என்று வைத்துக்கொண்டால் எண்ணை மட்டும் தட்டினால் போதும்.

அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த விண்டோவில் எஸ்பான்சோ பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். சாதாரண நிரல் அங்கே எழுத்துகளை அனுப்புவதை விண்டோஸே தடுக்கிறது. பாஸ்வேர்டை மட்டும் எந்தச் சுருக்கத்திலும் வைக்காதீர்கள். அந்தக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு, கணினியைத் திறப்பவர் எவரும் படிக்கலாம்.