காற்றுக் கசியாத ஐந்து சின்னப் பெட்டிகள்: ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் நாமே செய்வது

எங்கள் வீட்டு ஹோல் பத்தடிக்குப் பன்னிரண்டடி. வீட்டுத்திட்டத்தில் கட்டியது. ரீவி, அம்மாவின் சாய்மனைக் கதிரை, சாமிப்படத் தட்டு எல்லாம் வைத்த பிறகு ஆள் உயர ஸ்பீக்கருக்கு இடமேது? அதனால் ஒரு கையால் தூக்கக்கூடிய ஐந்து பெட்டிகளை நானே செய்தேன். சரியாகச் சொன்னால் பத்து. முதல் ஐந்தும் பிழையாகிப்போயின.

ஆம்பிளிபயர் இணைப்பதும் ஈயம் பற்றவைப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் டிரைவர், அதாவது பெட்டியில் மாட்டும், கூம்பும் காந்தமும் உள்ள ஸ்பீக்கர். புதிதாகச் செய்பவர்கள் அடிச்சத்தத்துக்கு வூஃபர், கீச்சுச் சத்தத்துக்கு ட்வீட்டர், இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கக் கிராஸ்ஓவர் என்று போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். எல்லாச் சத்தத்தையும் ஒன்றே பாடும் நாலங்குல ஃபுல்ரேஞ்ச் டிரைவர் ஐந்து வாங்குங்கள், எல்லாம் ஒரே மாதிரி, எட்டு ஓம். கீச்சுச் சத்தம் கொஞ்சம் மங்கும், அது உண்மை. ஆனால் படத்தில் ஒரு லொறி இடப்பக்கமிருந்து வலப்பக்கம் போகும்போது நடுவில் அதன் குரல் மாறாது. அடிச்சத்தத்தை அதற்கென்றே இருக்கும் தனிப்பெட்டியான சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும். மேலே ஒட்டியிருக்கும் வோட்ஸ் கணக்கைப் பார்த்து வாங்காதீர்கள். எஃப்.எஸ் (Fs, டிரைவர் தானாக அதிரும் ஹேர்ட்ஸ்), கியூ.ரி.எஸ் (Qts, அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்ற அளவு), வாஸ் (Vas, கூம்பின் விறைப்புக்குச் சமமான காற்று, லீற்றரில்) என்ற மூன்று எண்களும் கொடுத்திருக்கிற டிரைவர்தான் வேண்டும். அந்த எண்கள் இல்லாவிட்டால் பெட்டியின் அளவு வெறும் குருட்டுக் கணக்கு.

பெட்டியில் இரண்டு வகை: முழுக்க மூடியது, குழாய் வைத்தது. குழாய் வைத்தால் அடிச்சத்தம் இன்னும் கீழே இறங்கும். வன்னியில் இருந்துகொண்டு குழாய் வைத்தால் குளவியும் உள்ளே இறங்கும். இரண்டு கிழமை வீட்டைப் பூட்டிவிட்டு வந்து பாருங்கள், மண்கூடு கட்டி முடித்திருக்கும். நான் மூடிய பெட்டிப் பக்கம்.

சரி, கணக்கு. மூடிய பெட்டிக்கு வழக்கமாக வைக்கும் இலக்கு 0.707. அதைக் கியூ.ரி.எஸ்ஸால் பிரியுங்கள். வருகிற எண்ணை அதனாலேயே பெருக்கி, ஒன்றைக் கழியுங்கள். வாஸ் லீற்றரை அந்த விடையால் பிரித்தால் பெட்டிக்குள் இருக்கவேண்டிய காற்றின் அளவு கிடைக்கும். என் டிரைவருக்குக் கியூ.ரி.எஸ் 0.5, வாஸ் 5 லீற்றர், எஃப்.எஸ் 60 ஹேர்ட்ஸ். 0.707 ஐ 0.5 ஆல் பிரித்தால் 1.414. அதன் வர்க்கம் 2. ஒன்றைக் கழித்தால் 1. ஆகவே பெட்டி 5 லீற்றர். 60 ஐ 1.414 ஆல் பெருக்கினால் 85. அந்த 85 ஹேர்ட்ஸுக்குக் கீழே பெட்டி மெதுவாகக் கைவிடத் தொடங்கும். இந்த எண்ணைக் குறித்துவையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

உள்ளளவு: அகலம் 15, உயரம் 24, ஆழம் 15 சென்ரிமீற்றர். 5.4 லீற்றர் வரும். டிரைவரின் காந்தமும் மூலைச் சட்டங்களும் 0.4 லீற்றரைத் தின்றுவிடும். 18 மில்லிமீற்றர் பிளைவுட் பலகையில் ஒரு பெட்டிக்கு வெட்டவேண்டியவை: முன்னும் பின்னும் 18.6க்கு 27.6, மேலும் கீழும் 18.6க்கு 15, பக்கங்கள் 24க்கு 15, ஒவ்வொன்றிலும் இரண்டு. எட்டடிக்கு நாலடிப் பலகையில் பாதி ஐந்து பெட்டிக்கும் போதும். 18 என்று சொல்லி விற்பது சிலவேளை 17 தான் இருக்கும். அளந்து பார்த்து, அதற்கேற்ப வெளியளவைத் திருத்திய பிறகு வெட்டக் கொடுங்கள்.

(பின்னர் சேர்த்தது: இதைப் பார்த்துச் செய்த ஒருவர் தச்சரிடம் அளவை அங்குலத்தில் சொல்லியிருக்கிறார். 18.6 என்பது ஏழங்குலம் இரண்டரை நூல் (அங்குலத்துக்கு எட்டு நூல்). தச்சர் அரை நூலை விட்டுவிட்டு ஏழங்குலம் இரண்டு நூலுக்கு வெட்ட, மூலையெல்லாம் விரிசல். தச்சரில் பிழையில்லை, கதவு நிலைக்கு அரை நூல் ஒரு பொருட்டேயல்ல. மில்லிமீற்றர் போட்ட அளவு நாடாவை நீங்களே கொண்டுபோங்கள்.)

இனி என்னைக் கவிழ்த்த இடம். முதல் தடவை எனக்குப் பிளைவுட் பிடிக்கவில்லை. வீட்டுக் கதவு நிலைக்கு அரிந்ததில் மிஞ்சிய முதிரைப் பலகை கிடந்தது. மஞ்சளாக, ரேகை ஓடி, மெருகு போட்டால் கண்ணாடி மாதிரி. மாரி காலத்தில் செய்து முடித்தேன். தை மாதம் முழுக்கப் பிரமாதமாகப் பாடியது. சோளகக் காற்று அடிக்கத் தொடங்கியதும் நடுப்பெட்டியில் ஆண் குரல் வரும்போதெல்லாம் 'புஸ்ர்' என்று ஒரு இழுப்பு. டிரைவர் கிழிந்துவிட்டது என்று நினைத்து, வவுனியாவுக்கு பஸ் ஏறி வேறொன்று வாங்கி வந்து மாட்டினேன். அதே இழுப்பு. ஆம்பிளிபயரைச் சந்தேகித்தேன். வயரை மாற்றினேன். ஒரு மாதம் போனது.

கடைசியில் அம்மா விளக்கேற்றிவிட்டு ஊதுவத்தியோடு ரீவிப் பக்கம் போனபோதுதான் பார்த்தேன். பெட்டியின் பின்மூலையில் புகை நேரே எழும்பாமல் துடித்தது. குனிந்து விரலை வைத்தால் சில்லென்று காற்று. தலைமயிர் அளவு வெடிப்பு.

மரம் ரேகையின் நீளவாக்கில் அதிகம் சுருங்காது, குறுக்குவாக்கில் சுருங்கும். மழையில் ஈரம் குடித்து, சோளகத்தில் காய்ந்து, ஒட்டிய மூட்டை அதுவே இழுத்துப் பிரித்துவிடும். பிளைவுட்டில் தாள்களை மாறிமாறிக் குறுக்கே ஒட்டியிருப்பதால் அந்தச் சில்லெடுப்பு இல்லை. மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகை வெட்டச் சுகம், ஆனால் கூரை ஒழுகி ஒருதடவை நனைந்தால் பாண் மாதிரி ஊதும். ஆகவே தண்ணீர் தாங்கும் பிளைவுட்டைத்தான் வாங்கச் சொல்வேன். முதிரையின் அழகு வேண்டுமென்றால் மெல்லிய தகடாக அரிந்து மேலே ஒட்டுங்கள்.

ஒட்டுவது எளிது. வெள்ளை மரப்பசை, இரண்டு பக்கமும் பூசி, கவ்வியால் இறுக்கி ஒரு இரவு விடுங்கள். கவ்வி இல்லையா? பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டிச் சுற்றி இழுத்துக் கட்டுங்கள். எனக்குக் கவ்வியைவிட அதுதான் பிடிக்கும், நாலு பக்கமும் ஒரே இறுக்கம். முன்பலகையில் துளையை டிரைவரை அளந்தபிறகு மட்டும் வெட்டுங்கள். பின்பலகையைத் திருகாணியால் பூட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதையும் ஒட்டிவிடுவேன், முன்துளையால் கை போகும்தானே. காய்ந்ததும் உள்மூலைகளிலெல்லாம் இன்னொருமுறை விரலால் பசை இழுத்துவிடுங்கள். வயர் வெளிவரும் துளையைச் சிலிக்கன் வைத்து அடையுங்கள்.

டிரைவரை மாட்டுமுன் உள்ளே கொஞ்சம் பஞ்சு, இறுக்காமல். இலவம்பஞ்சு வேண்டாம், பொடி பறந்து டிரைவருக்குள் போகும். பழைய தலையணையில் இருக்கும் பொலியெஸ்ரர் பஞ்சு நல்லது. டிரைவரின் விளிம்புக்குக் கீழே மெல்லிய ரப்பர்ப் பட்டி ஒட்ட மறக்காதீர்கள்.

இப்போது கசிவுச் சோதனை. கூம்பின் இரண்டு பக்கமும் விரல்நுனிகளை வைத்து மெதுவாக உள்ளே தள்ளிவிட்டு விடுங்கள். தயங்கித் தயங்கி வெளியே வந்தால் பெட்டி நல்லது. விட்டவுடன் துள்ளினால் எங்கோ காற்றுப் போகிறது. அப்புறம் தொலைபேசிச் செயலியில் 50 ஹேர்ட்ஸ் தொனியை மெல்லிய சத்தத்தில் போட்டு, ஊதுவத்தியை மூட்டு மூட்டாகக் கொண்டுபோங்கள். ஐந்து பெட்டிக்கும் செய்யுங்கள், நாலு சரியென்றால் ஐந்தாவதும் சரியாயிருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

கூட்டல் கழித்தல் பார்க்க ஒன்றரை வோல்ற் பற்றரி போதும். ஒரு கணம் தொட்டுவிட்டு எடுங்கள். கூம்பு வெளியே துள்ளினால் பற்றரியின் கூட்டல் தொட்ட முனைதான் கூட்டல். ஒரு பெட்டியில் மட்டும் மாறிப்போனால் சத்தம் வெறுமையாகி, பேச்சு எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

பற்றரி என்றதும் ஒரு ஞாபகம். யுத்தத்தின்போது, பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில்தான் செய்தி கேட்டோம். கழற்றிய ஸ்பீக்கரை மண்முட்டி வாயில் கவிழ்த்து வைப்பார் அப்பா, சத்தம் திரண்டு வரும் என்று. அவர் கணக்கெல்லாம் போடவில்லை, ஆனால் முட்டி வாயைச் சுற்றித் துணி வைத்து இடைவெளியை அடைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

வைக்கும் இடம்: முன்னிரண்டும் நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து நடுக்கோட்டுக்கு 30 பாகையில், காது உயரத்தில். பின்னிரண்டும் 100 முதல் 120 பாகைக்குள், அதாவது தோளுக்குச் சற்றுப் பின்னால். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் இந்த அளவு அறைக்குத் தாராளம். சீமெந்துத் தரை எதிரொலித்தால் முன்னால் ஒரு பாயை விரியுங்கள், கேட்டுப் பாருங்கள் வித்தியாசத்தை. நிலத்தில் பெட்டியை வைக்கவேண்டாம், கறையானுக்குப் பிளைவுட்டும் விருந்துதான்.

(இன்னொன்று: நடுப்பெட்டியை ரீவிக்குக் கீழே படுக்கவைக்கலாமா என்று பலர் கேட்டார்கள். ஒற்றை டிரைவர் என்பதால் தாராளமாகப் படுக்கவைக்கலாம்.)

ஆம்பிளிபயரில் ஐந்தையும் சின்ன ஸ்பீக்கர் என்று அமைத்து, சப்வூஃபருக்குப் பிரித்துவிடும் எல்லையை (அதில் crossover என்று இருக்கும்) 100 ஹேர்ட்ஸில் வையுங்கள். குறித்துவைத்த 85க்குச் சற்று மேலே. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சப்வூஃபருக்குப் போகும். என் சப்வூஃபர் கடையில் வாங்கியது, குழாய் வைத்தது. படம் பார்க்காத நாட்களில் அந்தக் குழாயில் பழைய காலுறை ஒன்றைச் செருகி வைக்கிறேன். படம் போட்டு அரைமணி நேரம் கழித்து, இன்றைக்கு ஏன் இடி இடிக்கவில்லை என்று யோசிக்கும்போதுதான் அது ஞாபகம் வரும்.